தனியாக 45 வினாடியை உடைக்காத நாடு ரிலேயில் 2:59.05 ஓடியது எப்படி?

நீங்கள் கேட்டது இது: 2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் இந்திய ஆண்கள் 4×400 ரிலே அணி (நால்வர், ஆளுக்கு 400 மீட்டர்) ஹீட்ஸ் என்ற தகுதிச் சுற்றில் 2:59.05, அதாவது 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. அப்போது தனி 400 மீட்டரில் 45 வினாடிக்குக் கீழே ஓடிய இந்தியர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க இது எப்படி நடந்தது? அடுத்த வருடமே பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிக்குக்கூட வர முடியவில்லை என்றால், புடாபெஸ்ட் ஒருநாள் அதிர்ஷ்டம்தானா? இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நாம் கொண்டாடியது நிஜமான முன்னேற்றமா, அல்லது ஒரு வர்ணனையாளர் உற்சாகத்தில் கத்தியதைக் கேட்டு நாமும் ஏமாந்தோமா? மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பல வருடங்களாகப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 400 மீட்டர் பயிற்சி கொடுத்து வருபவன். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பேட்டன் (ரிலேயில் ஒருவர் அடுத்தவரிடம் கொடுக்கும் குழல்) மாற்றும் இடத்தில் நின்று நடுவராகவும் வேலை பார்த்திருக்கிறேன். தேசிய முகாமுக்குள் இருந்தவன் அல்ல. அதனால் ஓட்டத்தின் கணக்கையும் விதிகளையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். முகாமில் என்ன நடந்தது, யார் எந்த உடல்நிலையில் இருந்தார் என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவனின் கணிப்பு மட்டுமே.

முதலில், புடாபெஸ்டில் ரிலே மட்டும் தனியாக மின்னவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர் எறிந்து இந்தியாவின் முதல் உலகத் தடகளத் தங்கத்தை வென்றது அங்கேதான். அதே ஈட்டி இறுதியில் கிஷோர் ஜெனா ஐந்தாவது, டி.பி. மனு ஆறாவது. முதல் ஆறு பேரில் மூன்று பேர் நம்மவர்கள். பாருல் சௌத்ரி 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் 9:15.31 ஓடி தேசிய சாதனை செய்தார். நம் தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதல் இறுதி வரை போனார். மறுபக்கம், பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட ஸ்ரீசங்கரும் அவினாஷ் சாப்ளேவும் இறுதிக்கே வரவில்லை. மொத்தத்தில் நல்ல போட்டிதான், ஆனால் எல்லாம் ஒரே திசையில் போனதாகச் சொல்ல முடியாது. ரிலேவை இந்தப் பின்னணியில் பாருங்கள்.

இந்த அணி திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2016 ஜூலையில் பெங்களூருவில் 3:00.91 ஓடித்தான் ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைத்தது. அந்த நால்வரில் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் திருப்பூர் மாவட்டத்துத் தருண் அய்யாசாமியும் இருந்தார்கள். ரியோவில் அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது, அது வேறு கதை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், ராஜீவ், அமோஜ் ஜேக்கப் சேர்ந்து 3:00.25 ஓடினார்கள். அது அன்றைய ஆசிய சாதனை. இறுதி வாய்ப்பு நூலிழையில் போனது. ஆக, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே ஐந்து வருடங்களுக்கும் மேலாக இந்தியா நின்றுகொண்டிருந்தது. புடாபெஸ்டில் வந்தது 1.20 வினாடி முன்னேற்றம், அதாவது ஆளுக்கு 0.30.

ஆனால் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். 2022 ஜூலையில் அமெரிக்காவின் ஓரிகானில் நடந்த உலகப் போட்டியில் இதே இந்தியா 3:07.29 ஓடிக் கடைசியாக வந்தது. அந்த அணியில் ஓடியவர்கள் அனஸ், முகமது அஜ்மல், நாகநாதன் பாண்டி, ராஜேஷ் ரமேஷ். இவர்களில் மூன்று பேர் அடுத்த வருடம் புடாபெஸ்டில் ஓடியவர்கள். பதின்மூன்று மாதத்தில் எட்டு வினாடிக்கு மேல் வித்தியாசம். இது ஆட்கள் மாறியதால் வந்தது அல்ல என்பது பெயர்களைப் பார்த்தாலே தெரியும். 400 மீட்டர் ஓட்டக்காரன் ஒரு சீசனில் சரியான நேரத்தில் சரியான உடல்நிலையில் இருப்பதும் இல்லாததும் இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கும். முன்னால் போகும் கூட்டத்தை ஒருமுறை தவறவிட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஓடுபவர்கள் துரத்த ஆளே இல்லாமல் தனியாக ஓடித் தீர்க்க வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். 2:59.05 என்றால் 179.05 வினாடி. நாலால் வகுத்தால் ஆளுக்கு 44.76. அன்றைக்குத் தேசிய சாதனை அனஸ் 2019-ல் ஓடிய 45.21. நாட்டிலேயே வேகமானவரின் நேரத்தைவிட நால்வரின் சராசரி குறைவாக இருப்பது பார்க்க விசித்திரமாகத்தான் இருக்கும். விளக்கம் எளிது. தனி ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. சத்தத்தைக் காது வாங்கி, கால் பிளாக்கை உதைத்து, நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும் நேரமெல்லாம் அதில் அடக்கம். ரிலேயில் முதல் ஆளுக்கு மட்டும்தான் அந்தச் செலவு. மற்ற மூவரும் ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்பவர் போல, முன்கூட்டியே ஓடத் தொடங்கி, கால் வேகம் எடுத்த பிறகுதான் பேட்டனை வாங்குகிறார்கள். இதனால் கிடைக்கும் லாபம் ஆளுக்கு ஆள், மாற்றத்துக்கு மாற்றம் வேறுபடும். அரை வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை என்பது பயிற்சியாளர்கள் வைத்துக்கொள்ளும் கைக்கணக்கு. நான் 0.7 என்று எடுத்துக்கொள்வேன்.

கணக்குப் போடுங்கள். முதல் ஆள் 45.2. மற்ற மூவரும் தனியாக 45.5 ஓடக்கூடியவர்கள் என்று வையுங்கள். 0.7 கழித்தால் ஆளுக்கு 44.8. எல்லாம் கூட்டினால் 179.6, அதாவது 2:59.6. அன்று ஓடியது 2:59.05. மிச்சம் அரை வினாடிக்குச் சற்று மேல், அதை நால்வருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 0.14. ஆக இது மாயம் இல்லை. 45-ஐ உடைக்காத நால்வரால் மூன்று நிமிடத்தை உடைக்க முடியும். ஆனால் ஒரு நிபந்தனை: நால்வருமே ஒரே நாளில் தங்கள் உச்சத்தில் இருக்க வேண்டும், ஒரு பேட்டன் மாற்றம்கூடச் சொதப்பக் கூடாது. ஒருவர் அரை வினாடி தூங்கினாலும் கணக்கு மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இந்த நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டால் பாரிஸில் நடந்ததும் புரியும்.

அந்த 0.14 எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தொலைக்காட்சியில் பார்க்கும்போது கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். 4×400-ல் முதல் ஆள் முழுச் சுற்றும் தன் லேனிலேயே ஓட வேண்டும். இரண்டாவது ஆள் முதல் வளைவு முடியும் வரை லேனில் ஓடி, அங்கே டிராக்கில் வளைவாகப் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டியதும் உள்ளே வரலாம். அந்த இடத்தில்தான் சண்டை. யார் முதலில் உள் லேனைப் பிடிக்கிறாரோ அவர் குறைந்த தூரம் ஓடுவார். பிடிக்க முடியாதவர் இரண்டாவது லேன் அகலத்தில் வளைவைச் சுற்ற வேண்டும். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு வளைவு முழுக்க ஒரு லேன் வெளியே ஓடினால் கூடுதலாகக் கிட்டத்தட்ட 3.8 மீட்டர். ஆளுக்கு 44.76 வினாடி என்றால் நொடிக்கு ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம், அந்த வேகத்தில் 3.8 மீட்டர் என்பது 0.4 வினாடிக்கு மேல். ஒரே ஒரு வளைவில் இவ்வளவு போகும்!

அதோடு முடியவில்லை. மூன்றாவது, நான்காவது ஆட்கள் பேட்டனுக்குக் காத்திருக்கும்போது அவர்களை நடுவர்கள் வரிசையாக நிறுத்துவார்கள். ஓடி வருபவர் 200 மீட்டர் இடத்தைக் கடக்கும்போது எத்தனையாவதாக இருக்கிறாரோ அந்த வரிசைதான். முன்னால் இருப்பவரின் கூட்டாளிக்கு உள்பக்கம், பின்னால் இருப்பவர்களின் ஆட்கள் அடுத்தடுத்து வெளியே. நின்ற பிறகு இடம் மாறக் கூடாது. பின்தங்கிய அணியின் ஆள் வெளியே நின்று வாங்கி, முன்னே முட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தைச் சுற்றிப் போக வேண்டும். அந்த இடத்தில் நடுவராக நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், முழங்கையும் தோளும் எப்படி இடிக்கும் என்று சொல்வார்கள். வந்து சேர்பவர் நாக்குத் தள்ளி, கால் கட்டிப்போய், கடைசிப் பத்து மீட்டரில் தள்ளாடிக்கொண்டிருப்பார். வாங்குபவர் 4×100-ல் போல கையைப் பின்னால் நீட்டிப் பார்க்காமல் ஓட முடியாது. திரும்பிப் பார்த்து, வருபவரிடம் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று கணித்து, அதற்கேற்ற வேகத்தில் புறப்பட வேண்டும். சீக்கிரம் கிளம்பினால் எட்டாது, தாமதித்தால் இருவரும் மோதிக்கொள்வார்கள். எல்லாம் 20 மீட்டர் பகுதிக்குள் முடிய வேண்டும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அன்றைய ஹீட்ஸை மறுபடி பாருங்கள். முகமது அனஸ் முதல் சுற்றை முடிக்கும்போது இந்தியா ஆறாவது இடத்தில்தான் இருந்தது. இரண்டாவதாக ஓடிய அமோஜ் ஜேக்கப் அங்கிருந்து இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். என் கணிப்பில் அந்த ஓட்டத்தின் உயிர்நாடி அந்தச் சுற்றுதான். நாமெல்லாம் கடைசி ஆள் அமெரிக்கரைத் துரத்தியதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஆனால் அமோஜ் முன்னே வந்ததால்தான் முகமது அஜ்மலுக்கும் ராஜேஷ் ரமேஷுக்கும் நல்ல இடத்தில் நின்று பேட்டன் வாங்கி, கூட்டத்தில் சிக்காமல், வெளி லேனில் சுற்றாமல் ஓட முடிந்தது. அஜ்மல் இடத்தை விடவில்லை. திருவாரூர் மாவட்டத்துக்காரரும் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகருமான ராஜேஷ் கடைசிச் சுற்றில் அமெரிக்கரின் முதுகை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். அமெரிக்கா 2:58.47, இந்தியா 2:59.05, மூன்றாவதாக வந்த பிரிட்டன் 2:59.42. முந்தைய வருடம் ஓரிகானில் ஜப்பான் வைத்த 2:59.51 என்ற ஆசிய சாதனை அங்கே போனது.

ஒவ்வொருவரும் தனித்தனியாக எத்தனை வினாடி ஓடினார்கள் என்று இணையத்தில் எண்கள் சுற்றுகின்றன. அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேட்டன் கைமாறும் இடமும் 400 மீட்டர் முடியும் கோடும் ஒன்றாக இருக்காது, யார் எப்படி அளந்தார் என்பதைப் பொறுத்து எண் மாறும். அது தனி ஓட்டச் சாதனையாகக் கணக்கிலும் வராது.

‘அமெரிக்காவையே பயமுறுத்தினோமே’ என்பது பற்றி ஒரு வார்த்தை. உற்சாகத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை, ஆனால் ஹீட்ஸில் பெரிய அணிகள் தங்கள் முதல்தர ஆட்களுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். அமெரிக்காவும் அதைத்தான் செய்தது. அடுத்த நாள் இறுதியில் கடைசிச் சுற்று ஓடிய ராய் பெஞ்சமின் ஹீட்ஸில் ஓடவில்லை. இறுதியில் அமெரிக்கா ஓடியது 2:57.31. நாம் துரத்தியது அமெரிக்காவின் முழு பலத்தையும் அல்ல. இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கோ இதில் வேறொரு விஷயம்தான் படுகிறது: அமெரிக்காவால் ஆட்களை மாற்ற முடிந்தது, நம்மால் முடியவில்லை. இந்தியாவுக்கு இரண்டு நாளும் ஓடியது அதே அனஸ், அமோஜ், அஜ்மல், ராஜேஷ்தான்.

இனி அதிர்ஷ்டம் என்ற கேள்வி. இதற்கு எனக்கு உறுதியான பதில் இருக்கிறது: இல்லை. ஆதாரம் ஹீட்ஸில் இல்லை, இறுதியில் இருக்கிறது. ஆகஸ்ட் 26-ல் உச்ச வேகத்தில் ஓடிய அதே நால்வர் மறுநாள் இரவு திரும்ப வந்து 2:59.92 ஓடினார்கள். ஐந்தாவது இடம். அதுவரை மூன்று நிமிடத்தை ஒருமுறைகூட உடைக்காத அணி, இரண்டு நாளில் இரண்டு முறை உடைத்தது. 400 மீட்டரை முழு மூச்சில் ஓடியவர்களுக்குத் தெரியும், மறுநாள் காலை தொடையும் இடுப்பும் எப்படி இருக்கும் என்று. அந்தக் களைப்போடு, முழுபலத்தில் வந்த எதிரணிகளோடு, 0.87 வினாடி மட்டுமே கூடுதலாக எடுத்தார்கள். அதிர்ஷ்டம் ஒருநாள் கை கொடுக்கும், இரண்டு நாள் தொடர்ந்து கொடுக்காது. இறுதியில் பிரான்ஸ் 2:58.45, பிரிட்டன் 2:58.71, ஜமைக்கா 2:59.34. ஹீட்ஸில் ஓடிய நேரத்தையே இறுதியிலும் ஓடியிருந்தால் நான்காவது இடம் கிடைத்திருக்கும். வெண்கலத்துக்கு அப்போதும் 0.34 வினாடி குறைந்திருக்கும்.

நேரத்தையும் பதக்கத்தையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்பதற்கு அந்த வருடமே உதாரணம். புடாபெஸ்டுக்கு ஒரு மாதம் முன்பு, ஜூலையில் பாங்காக்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இலங்கை தங்கம் வென்றது, இந்தியாவுக்கு வெள்ளிதான். புடாபெஸ்ட் முடிந்து அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது, கத்தார் வெள்ளி, இலங்கை வெண்கலம். ஆண்கள் 4×400-ல் 1962 ஜகார்த்தாவில் மில்கா சிங் இருந்த அணிக்குப் பிறகு வந்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. நேரம் 3:01.58. அதாவது ஐந்தாவது இடம் கிடைத்த நாளில் ஓடியதைவிட ஒன்றரை வினாடிக்கு மேல் மெதுவாக ஓடித் தங்கம். இதில் தவறு எதுவும் இல்லை. முன்னால் துரத்த வேகமான ஆள் இல்லாதபோது நேரம் விழாது, ஜெயித்தால் போதும் என்றுதான் ஓடுவார்கள். சீசனின் கடைசியில் உடம்பும் தேய்ந்திருக்கும். அமெரிக்கர் முதுகு கண்முன் இருக்கும்போது ஓடும் ஓட்டம் வேறு, முன்னணியைக் காப்பாற்றிக்கொண்டு ஓடும் ஓட்டம் வேறு.

சரி, பாரிஸ். 2024 மே மாதம் பஹாமாஸின் நசாவில் நடந்த உலக ரிலே போட்டியில்தான் தகுதி பெற வேண்டியிருந்தது. முதல் நாள் இரண்டாவதாக ஓடிய ராஜேஷ் பாதியில் நின்றுவிட்டார், தசைப்பிடிப்பு. அணி ஓட்டத்தை முடிக்கவில்லை. மறுநாள் அவர் இடத்தில் ஆரோக்கிய ராஜீவ் வந்தார். ரியோ காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த அதே ராஜீவ். 3:03.23 ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து டிக்கெட் வாங்கினார்கள். நேரத்தைப் பாருங்கள், ஒன்பது மாதம் முன்பு ஓடியதைவிட நான்கு வினாடிக்கு மேல் அதிகம். எச்சரிக்கை மணி அங்கேயே அடித்தது. ஆகஸ்டில் பாரிஸில் புடாபெஸ்டின் அதே நால்வர் 3:00.58 ஓடினார்கள். இறுதி வாய்ப்பு இல்லை.

3:00.58 மோசமான நேரமா? இல்லை. இந்திய வரலாற்றில் அதைவிட வேகமாக ஓடியது வெகு சில முறைதான். புடாபெஸ்டோடு ஒப்பிட்டால் இழந்தது 1.53 வினாடி, ஆளுக்கு 0.38. மேலே போட்ட கணக்குக்குத் திரும்பிப் போங்கள். நால்வரும் உச்சத்தில் இருந்தால் 2:59. நால்வரும் சாதாரண நல்ல நாளில் இருந்தால் 3:00-ஐ ஒட்டி. பாரிஸ் அந்த இரண்டாவது வகை. அதனால் ‘சரிவு’ என்று சொல்வதைவிட, புடாபெஸ்ட்தான் அந்த அணியின் மேல்வரம்பு, பாரிஸ் அதன் வழக்கமான நிலை என்று சொல்வேன்.

ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. நாம் நின்ற இடத்தில் நிற்க, உலகம் நகர்ந்துவிட்டது. புடாபெஸ்டில் தங்கம் 2:57.31-க்கு. பாரிஸில் அமெரிக்கா 2:54.43, போட்ஸ்வானா 2:54.53, பிரிட்டன் 2:55.83. அதே இறுதியில் ஜப்பான் 2:58.33 ஓடி ஆறாவதாக வந்தது. அந்த 2:58.33 புடாபெஸ்டில் ஓடப்பட்டிருந்தால் வெள்ளிப் பதக்கம்! ஒரே வருடத்தில் வெள்ளிக்கான நேரம் ஆறாவது இடத்துக்கான நேரமாகிவிட்டது. ஒலிம்பிக் வருடத்தில் எல்லோரும் கூர்மையாக வருவார்கள் என்பதால் எல்லாப் போட்டியும் இனி இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் புடாபெஸ்ட் கொஞ்சம் இளக்கமான இறுதி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம், ஜப்பானின் அந்த ஓட்டத்தோடு நம் ஆசிய சாதனையும் ஒரு வருடம் நிறையும் முன்பே போய்விட்டது.

ஏன் ஜப்பானால் முடிந்தது, நம்மால் முடியவில்லை? இங்கிருந்து நான் சொல்வதெல்லாம் என் அபிப்பிராயம். டோக்கியோ காலம் வரை கலீனா புகாரினா, அதற்குப் பிறகு ஜமைக்காவின் ஜேசன் டாசன் என்று வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இந்த 400 மீட்டர் குழுவைப் பார்த்துக்கொண்டார்கள். திருவனந்தபுரத்தில் முகாம் போட்டு நால்வரையும் ஒன்றாக வைத்துப் பழக்கினார்கள். ஒன்றாகப் பழகியதால் பேட்டன் மாற்றம் சீரானது, அது புடாபெஸ்ட் வீடியோவிலேயே தெரிகிறது. பயிற்சியாளர் மாறியதால்தான் ஓரிகானிலிருந்து புடாபெஸ்டுக்கு ஏறினோம் என்று சிலர் எழுதினார்கள். பங்கு இருக்கலாம், ஆனால் அதை மட்டுமே காரணமாக்க எனக்கு மனமில்லை. 3:00.25 முந்தைய பயிற்சியாளர் காலத்தில் வந்தது, 3:00.58 பின்னவர் காலத்தில் வந்தது. இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் பார்க்கும் குறை வேறு. அந்த நால்வருக்குப் பின்னால் ஐந்தாவது, ஆறாவது ஆள் அதே தரத்தில் இல்லை. நசாவில் ஒரு தொடை பிடித்துக்கொண்டதும் அணியே நின்றுபோனது அதனால்தான். ஹீட்ஸில் இருவருக்கு ஓய்வு கொடுத்து இறுதியில் புத்துணர்ச்சியோடு இறக்கும் வசதி நமக்கு இல்லை. ஆசியப் போட்டிகளில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்பு ரிலேவுக்கும் இதே ஆட்களிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. பாங்காக்கில் கலப்பு ரிலே தங்கம் வென்றபோது ஓடிய ஆண்கள் ராஜேஷும் அமோஜும்தான். நம் ஆட்கள் வருடத்தில் எத்தனை முறை 45-ல் ஓடுபவர்களோடு தோளோடு தோள் நின்று ஓடுகிறார்கள் என்பதும் இன்னொரு கேள்வி. முகாமில் ஒருவரையொருவர் பார்த்து ஓடினால் பேட்டன் கைபழகும், ஆனால் கடைசி நூறு மீட்டரில் பக்கத்தில் ஒருவன் விடாமல் வரும்போது தோளை இறுக்காமல் ஓடுவது போட்டியில்தான் வரும்.

‘அப்படியானால் தனி ஓட்டத்தில் 45-ஐ உடைக்க ஒருவர் வந்தால் ரிலே தானாகச் சரியாகிவிடுமா’ என்று அடுத்துக் கேட்பீர்கள். பாதி ஆமாம். 2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான தேசியப் போட்டியில் தமிழ்நாட்டின் டி.கே. விஷால் 45.12 ஓடி, அனஸின் ஆறு வருட சாதனையை முறியடித்தார். நல்ல செய்தி. ஆனால் ரிலே கணக்கில் அது முதல் ஆளின் நேரத்தை 0.09 குறைக்கும், அவ்வளவுதான். 45.9 ஓடும் நான்காவது ஆளுக்குப் பதில் 45.4 ஓடும் ஒருவர் கிடைத்தால் அரை வினாடி. எனக்கு ஒரு தேர்வு கொடுத்தால், 44.9 ஓடும் ஒருவரைவிட 45.4 ஓடும் ஆறு பேரைக் கேட்பேன். பத்திரிகையில் தலைப்புச் செய்தி முன்னதற்குத்தான் கிடைக்கும் என்பது தெரிந்தும்.

எனவே அடுத்து ஒரு தேசியப் போட்டியின் 400 மீட்டர் முடிவு கண்ணில் பட்டால், வென்றவரின் நேரத்தோடு நிறுத்தாமல் ஐந்தாவது, ஆறாவது வரியையும் பாருங்கள். அங்கே 45.5-ஐச் சுற்றி எண் இருந்தால் அந்த வருடம் ரிலேயில் 2:58 எதிர்பார்க்கலாம். 46.5-ஐத் தாண்டியிருந்தால், முன்னால் யார் சாதனை படைத்திருந்தாலும், நால்வருக்கும் அந்த ஒரு நல்ல நாள் ஒன்றாக வாய்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.